விரதத்திலும் அடங்காத பசி

மகனே,

இப்படி உன்னைக் கூப்பிடும் உரிமையை நீதான் எனக்குக் கொடுத்தாய், அப்பா. நான் பிறந்ததிலிருந்து நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "அம்மா, தண்ணி கொண்டா", "என்னம்மா, ஸ்கூல் பஸ் போயிருச்சா", "அம்மாவுக்கு இன்னிக்கு என்ன கோவம்" என்றுதான் கூப்பிடுவாய். நம் பிளாட்டில் எல்லா அப்பாக்களும் மகளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். யாரும் அதை யோசித்துச் சொல்வதில்லை. இன்றைக்கு நான் யோசித்தேன். பதினாறு வயதுப் பெண் அப்பாவுக்குப் புத்தி சொன்னால் அது வாய்க்கொழுப்பு. ஓர் அம்மா மகனுக்குச் சொன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நேரில் உன்னை 'நீங்க' என்றுதான் சொல்வேன். அந்த 'நீங்க'வுக்குள் நின்றுகொண்டு இதையெல்லாம் சொல்ல எனக்குத் தைரியம் வராது. அதனால் இந்தக் கடிதத்தில் மட்டும் நீ என் மகன், நான் உன் அம்மா. உனக்கு நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. காலில் ஒரு புண் இருக்கிறது. நான் சொல்வதை நீ கேட்கமாட்டேன் என்கிறாய். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் வேறு வீட்டு மகன்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களும் படிக்கட்டும். எழுதுவது யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

என்னைப் பெற்ற அம்மா ஃபேக்டரிக்கு ராத்திரி ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நீ ஹாலில் வெறும் பாயில் படுத்திருக்கிறாய், விரதத்தில் மெத்தை கூடாது என்று. நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நீ எழுந்து வந்தால் வீட்டுப்பாடம் என்று சொல்வதற்குப் பக்கத்தில் உயிரியல் புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். மதியம் நடந்ததை நீ கவனிக்கவே இல்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் நான் எழுத உட்கார்ந்தேன்.

மதியம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். நீ நாற்காலியில் உட்கார்ந்து காலை என் மடியில் வைத்தாய், நான் கட்டுப் பிரித்தேன். கோயில் வாசலில் உடைத்துப் போட்ட தேங்காய் ஓடு குத்தி, உன் பெருவிரலுக்குக் கீழே உண்டான புண். செருப்புப் போடாமல் நடப்பதும் விரதம்தான் என்றாய். வேலைக்குப் போனால் அதே காலை ஈரமான பூட்ஸுக்குள் நாள் முழுக்கத் திணித்துக்கொண்டு குளிர்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாய். நான் கழுவும்போது நீ மணியம் மாமாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். அவரும் உன் கிடங்கில்தான் வேலை, உன்னோடு சேர்ந்துதான் காவடி எடுக்கிறார். ஏதோ சொல்லிச் சிரித்தாய். நான் மருந்தை ஊற்றினேன். முழங்கால் சிராய்ப்புக்கு அதே மருந்தைப் போட்டபோது நான் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தியிருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். பஞ்சை வைத்து அழுத்தினேன். அப்புறம் வேண்டுமென்றே நன்றாக அழுத்தினேன். நீ போனை வைத்துவிட்டுக் குனிந்து, "கட்டிட்டியாம்மா?" என்று கேட்டாய். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா" என்றேன். அதற்கும் நீ சிரித்தாய். விரலின் ஓரம் ஒரு பக்கம் கறுத்திருக்கிறது, மகனே. நீ குனிந்து பார்த்தால் உன் வயிறு மறைக்கிறது. அதனால் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இந்த விரதம் எனக்காக. அதனால்தான் என்னால் இதைச் சத்தமாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு டெங்கி வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் நின்று நீ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. "என் புள்ள எழுந்து நடந்தா மூணு வருசம் ஒனக்குக் காவடி எடுக்குறேன்." நான் எழுந்து நடந்தேன். இரண்டு பூசம் முடிந்துவிட்டது. இது கடைசி. கல்லுமலைக் கோயிலுக்கு உன் பின்னால் நடந்து வந்தபோதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். இந்த ஆள் இவ்வளவு பாரத்தைத் தூக்குவது எனக்காக என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லவேண்டும்போல இருக்கும்.

நாம் செய்த தப்பு என்ன தெரியுமா? விரதம் என்றால் கறியை விடுவது என்று மட்டும் நினைத்தோம். நீ கறியை விட்டாய், அந்த இடத்தில் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாய். உன் கிடங்கில் தேதி முடியப்போகும் பைகளை வேலையாட்களுக்கு மலிவாகத் தருவார்கள். சைவ ஆடு, சைவக் கோழி, தோல் ஒட்டிய சைவ மீன், சைவ நகெட். கோதுமைப் பசையையும் சோயாவையும் எண்ணெயையும் உப்பையும் சேர்த்து, ஆட்டுக்கறிபோல நார்நாராக வரும்படி எப்படியோ செய்கிறார்கள். ஒரு பையின் பின்பக்கத்தில் இருந்த சின்ன எழுத்துகளை நான் ஒருநாள் படித்தேன். பாதிக்குமேல் எந்த வீட்டு அடுக்களையிலும் இல்லாத பேர்கள். காலையில் விரதம் என்று சோறு சாப்பிடமாட்டாய். ஆனால் தண்ணீராகக் குடிப்பது விரதத்தை உடைக்காது என்று பெரிய கோப்பையில் மால்ட் பானம், தொட்டுக்கொள்ள பிஸ்கட். மதியம் சைவ முத்திரை போட்ட பாக்கெட் மீ நூடுல்ஸ். சாயங்காலம் சீனியும் பாலும் கலந்தே வரும் திரீ-இன்-ஒன் காப்பி. ராத்திரி வெள்ளை ரொட்டியும் பொரித்த நகெட்டும். அசைவத்தை நிறுத்தியாச்சு, சீனி தானாக இறங்கும் என்று சர்க்கரை வியாதிக்குப் போடும் இனிப்பு நீர் மாத்திரையையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாய். விரதம்தான் மருந்து என்றாய். அந்த நகெட்டையெல்லாம் பொரித்துப் போட்டது யார்? அம்மா வேலையில் இருக்கும்போது அடுப்படியில் நிற்பது நான்தானே. பள்ளியும் டியூஷனும் முடிந்து வந்தால் எண்ணெயைக் காயவைத்துப் பையை வெட்டிக் கொட்டுவது சுலபமாக இருந்தது. நானும் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்கு லீவு விழுந்த ஒரு ராத்திரி மணியம் மாமா சாப்பிட வந்தாரே, நினைவிருக்கிறதா? மேசையைப் பார்த்துவிட்டு அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "மச்சான், ஆடு இருக்கு, கோழி இருக்கு, மீனு தோலோட இருக்கு. நாம எதத்தான்யா விட்டோம்?"

"உசுர எடுக்கல இல்ல? அதான் சைவம்" என்றாய் நீ, வாயில் நகெட்டோடு.

"முருகன் எட்டிப் பாத்தாருன்னா, தப்பான வீட்டுக்கு வந்துட்டோம்னு திரும்பிப் போயிருவாருலா."

அம்மா ரொட்டியை வைத்துக்கொண்டே சொன்னார்: "மணியண்ணே, விரதம் இருந்தா ஆளு இளைக்கும்னு சொல்லுவாங்க. இவருக்கு மட்டும் போன வருசத்து மஞ்ச வேட்டி இடுப்பச் சுத்தி வரமாட்டேங்குது. முருகன் அருளு எல்லாம் வயித்துலயே எறங்கிருச்சு போல."

நாம் எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். நீ சிரித்துக்கொண்டே பையில் மிச்சமிருந்ததையும் பொரிக்கச் சொன்னாய். நான் எழுந்து போய்ப் பொரித்தேன்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மகனே. நீ ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். சுங்கை சிப்புட் பக்கம் அந்தத் தோட்டம் இப்போது இல்லை. கித்தா மரங்களை வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். அங்கே என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்டால் நீ மற்றவர்கள்போல நாக்கைச் சப்புக்கொட்டிக் கதை சொன்னதில்லை. "மரவள்ளிக் கெழங்கு. அதுவும் இல்லாட்டி தூங்கிருவோம்" என்பாய், பேச்சை மாற்றிவிடுவாய். இந்தப் பெரிய ஐஸ்பெட்டியை வாங்கிக் கொண்டுவந்த நாளில் அதை நிரப்பிவிட்டு, மூடியைத் திறந்து திறந்து பார்த்தாய். "என் புள்ள எப்பத் தொறந்தாலும் ஏதாவது இருக்கும்" என்றாய். பசியோடு தூங்கிய பிள்ளைக்கு நிறைந்திருக்கும் பெட்டியைப் பார்த்துப் பயப்படத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. பசி என்றால் சாப்பாடு இல்லாதது என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். சாப்பிடச் சாப்பிட வருகிற பசி ஒன்று இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லவில்லை.

அதை நான் முதலில் பார்த்தது கோயிலில். வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் உனக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். சோறு, சாம்பார், பயற்றங்காய்ப் பொரியல், கீரை. நீ மென்று மென்று மெதுவாகத்தான் சாப்பிட்டாய், சூடும் அப்படி. மறுசோறு கொண்டுவந்த பையனிடம் இலையின்மேல் கையை நீட்டி மறைத்து, "போதும் தம்பி" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் உன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நீ ஐஸ்பெட்டியைத் திறக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல நகெட் பை. தட்டு காலியான பிறகும் உன் கை மேசைமேல் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. பிஸ்கட் டின்னை இழுத்தது. வயிறு உப்பியிருக்கிறது, கை தேடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே என் கையும் அதே டின்னுக்குள் போனது.

அடுத்த வாரம் நான் பருப்பும் முருங்கைக்கீரையும் வைத்துச் சோறு வடித்தேன். டியூஷனுக்குப் போகவில்லை. நீ மறுப்புச் சொல்லாமல் சாப்பிட்டாய். பிறகு, "நல்லா இருக்கும்மா, ஆனா ருசியே இல்லையே" என்று சொல்லிவிட்டு நீயே எழுந்து எண்ணெயை வைத்தாய். எனக்கு அழுகை வந்தது. சமையல் சரியில்லை என்று நினைத்து அழுதேன். இப்போது புரிகிறது, உன் நாக்கை அந்தப் பைகள் பிடித்து வைத்திருந்தன. எனக்கும் அந்தக் கீரை வெறும் தழையாகத்தான் இருந்தது.

கிளினிக்குக்குப் போன நாளைச் சொல்கிறேன். புண்ணிலிருந்து வாடை வந்ததால் நான் அடம்பிடித்துத்தான் நீ மோட்டார் சைக்கிளை எடுத்தாய். அங்கே இருந்த தாதி நம் தமிழ் ஆள். விரலில் குத்தி மெஷினைப் பார்த்தார். வேறு விரலில் மறுபடியும் குத்தினார். அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, காலையில என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்ல மிஸி, விரதம். ஒரு மால்ட் தண்ணி, நாலு பிஸ்கட்டு."

"ராத்திரி?"

"ரொட்டி. அப்புறம் சைவ நகெட்டு ரெண்டு மூணு."

"ரெண்டு மூணா?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். "ஒரு பை" என்றேன்.

தாதி கோபப்படவில்லை. "நீங்க விட்டது கறிய மட்டும்தான் அண்ணே. ஒங்க பல்லும் வயிறும் செய்யவேண்டிய வேலைய ஃபேக்டரியிலயே செஞ்சு முடிச்சிட்டாங்க. மெல்ல ஒண்ணுமில்ல, நாருச்சத்து கெடையாது. வாயில போட்டா வழுக்கிட்டுப் போவுது. வயிறு நெறஞ்சிருச்சுன்னு மூளைக்குச் சேதி போறதுக்குள்ள தட்டு காலி. உப்பு, சீனி, கொழுப்பு மூணையும் ஒண்ணாக் கலந்து வச்சிருக்கு, நாக்கு விடாது. மாவு முன்னாடியே ஒடைஞ்சு வர்றதால சீனி சர்ருன்னு மேல ஓடுது. நல்லா இருக்கிற ஒடம்புன்னா இன்சுலின் ஓடிவந்து அதக் கீழ எறக்கும், சட்டுன்னு எறங்கினா மறுபடியும் பசிக்கும். ஒங்களுக்கு இன்சுலின் சொல்றத ஒடம்பு கேக்காமப் போயிருச்சு. மாத்திரையையும் கொறச்சிட்டீங்க. அந்தச் சீனிதான் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்குது, வலியே தெரியாமப் போயிரும். இந்தக் காலு அதனாலதான் ஆறல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், நாளைக்கே போங்க. கறுத்துச்சுன்னா வெரலு போயிரும். வெரலோட நிக்கும்னும் சொல்ல முடியாது."

அப்புறம் அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் சடையைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். எனக்குப் பின்கழுத்தில் இருக்கும் கறுப்புப் பட்டையை அம்மா அழுக்கு என்று நினைத்து, பயத்தம் மாவும் எலுமிச்சையும் வைத்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தோல் எரியத் தேய்ப்பார். "வயசுப் பொண்ணு, குளிக்கத் தெரியல" என்று திட்டுவார். பள்ளியிலும் சொல்லிச் சிரிப்பார்கள், நான் உன்னிடம் சொன்னதில்லை. தாதி சடையை மெதுவாகக் கீழே விட்டார். "இது அழுக்கு இல்லடா. ஒடம்புல இன்சுலின் அதிகமா ஏறிக் கெடந்தா இப்படிக் கறுக்கும். அண்ணே, இவளையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க." உன் கை தானாக உன் பின்கழுத்துக்குப் போனது. உனக்கும் அங்கே அதே கறுப்பு.

வீட்டுக்கு வரும் வழியில் சிக்னலில் நின்றபோது, முகத்தைத் திருப்பாமல் சொன்னாய்: "அம்மாகிட்ட சொல்லாதம்மா. ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருவாங்க. பூசம் முடியட்டும், நானே போறேன்." "அப்பா, காலு" என்றேன். "நேந்துக்கிட்டது ஒனக்காக. பாதியில விட்டா அது யாரு மேல போவும்?" என்றாய். நான் சரி என்றேன். அன்று சாயங்காலம் மணியம் மாமாவிடம் நானே கேட்டேன், நேர்த்திக்கடனைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று, வேறு யாருக்கோ கேட்பதுபோல. அவர் விளையாட்டை விட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் புள்ள மேலதான் திரும்பும்மா. விளையாடக் கூடாது." அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. உன் காலுக்காகப் பயந்தேன். அதைவிட என் உயிருக்காகப் பயந்தேன். அந்த வெட்கத்தில்தான் இத்தனை நாள் உன் சாக்ஸை நானே துவைத்தேன், கால் குளிரில் விறைக்கிறது, அதனால்தான் வீட்டிலும் சாக்ஸ் என்று நீ அம்மாவிடம் சொன்னபோதெல்லாம் தலையாட்டினேன்.

மகனே, உனக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். விரதம் இரு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சோறு என்று பார்த்தால் தெரிகிற சோற்றைச் சாப்பிடு, கீரை என்று தெரிகிற கீரையைச் சாப்பிடு. பல்லுக்கு வேலை கொடு. நாக்கு சில நாள் அழும், என் நாக்கும் அழும், சேர்ந்து அழுவோம். பசியில்லாதபோது கை தேடினால் அது உன் கெட்ட புத்தி இல்லை, உன் மனவுறுதி குறைந்துபோகவும் இல்லை. உன்னைத் திருப்திப்படவிடாத சாப்பாட்டை நாம் சாப்பாடு என்று நினைத்துவிட்டோம். மாத்திரையை முழுசாகப் போடு. ஐஸ்பெட்டி காலியாக இருந்தால் நீ என்னைப் பட்டினி போட்டதாக ஆகாது. இதையெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். காத்திருக்க முடியாதது உன் விரல் மட்டும்தான்.

பொழுது விடிந்ததும் ஃபேக்டரி பஸ் கீழே வந்து நிற்கும். அம்மா இறங்கும்போது நான் படிக்கட்டில் நிற்பேன். மதியம் நடந்ததையும் தாதி சொன்னதையும் சொல்லிவிடுவேன். அம்மா கத்துவார், அழுவார், உன் சாக்ஸை இழுத்துக் கழற்றுவார். மாலை ஆவதற்குள் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பாய். பூசத்தன்று நீ கல்லுமலையில் இருக்கமாட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மகளென்று என்னைப் பற்றி நீ சொல்வதெல்லாம் நாளையோடு போய்விடும். நேர்த்தி என்மேல் திரும்புமோ, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. திரும்பினால் திரும்பட்டும். நீ ஜன்னலோரம் நின்று எனக்காக முருகனிடம் கேட்டதுபோல நானும் இப்போது உனக்காகக் கேட்டுக்கொண்டேன், சத்தமில்லாமல்.

நீ என்னோடு பேசமாட்டாய் என்று தெரியும். கோபம் வந்தால் மாதக்கணக்கில் பேசாமலிருப்பவன் நீ. இரு. முகத்தைத் திருப்பிக்கொண்டு போ. ஹாலைக் கடந்து போகும்போது நான் அங்கே இல்லாததுபோல நட. நீ நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அறைக்குள் உட்கார்ந்திருப்பேன். இரண்டு காலும் தரையில் படும் சத்தம் கேட்டால் எனக்கு அது போதும்.